பல்லுக்கும் உண்டு செய்கூலி

நாமக்கல்லிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இந்த வாட்ஸப் யுகத்தில் கையெழுத்தில் நாலு பக்கம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்களே என்று எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பிரித்துப் படித்த பிறகு சந்தோஷம் பாதியாகிவிட்டது. விஷயம் பல்வலி. பல்வலியைப் பற்றிப் படிக்கிறபோதே நம்முடைய கை தன்னால் தாடைக்குப் போய்விடுகிறது, பாருங்கள்!

அவருடைய கணவர் லாரி ஓட்டுகிறார். வடக்கே சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப இருபது நாள், இருபத்தைந்து நாள் ஆகும். இரண்டு பிள்ளைகள்; மூத்தவன் ஒன்பதாம் வகுப்பு. வீட்டு வரவு செலவு முழுவதும் இந்தச் சகோதரியின் கையில். கடைவாய்ப் பல்லில் சொத்தை. மூன்று பல் டாக்டர்களிடம் போனாராம். ஒருவர் ஐந்நூறு ரூபாய் என்றார். இன்னொருவர் ஆயிரத்து இருநூறு என்றார். மூன்றாமவர் ஏழாயிரம் என்று சொல்லித் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

“ஒரே பல்லுக்கு ஐந்நூறும் சொல்கிறார்கள், ஏழாயிரமும் சொல்கிறார்கள். கத்தரிக்காய்கூடக் கடைக்குக் கடை இவ்வளவு வித்தியாசப்படாது. இதில் யார் சொல்வது நியாயம்? அறுநூறு ரூபாய் கொடுத்தால் பிடுங்கியே விடலாமாம். பிடுங்கிவிடட்டுமா?” என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். நானும் முதலில், “மூன்றாமவர் கொஞ்சம் பேராசைக்காரர் போலிருக்கிறது” என்றே எண்ணினேன். பிறகு கடிதத்தை இன்னொரு தடவை நிதானமாகப் படித்தேன். முதல் டாக்டரிடம் அவர் போனது போன வருஷம் ஆடிப் பதினெட்டு கழிந்த மறுவாரம். இனிப்புச் சாப்பிட்டால் மட்டும் சுரீர் என்றது. பையனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டியிருந்ததால் அந்த ஐந்நூறு ரூபாயைத் தள்ளிப் போட்டார். இரண்டாம் டாக்டரிடம் போனது இந்த வருஷம் பொங்கல் முடிந்து. அப்போது பச்சைத் தண்ணீர் பட்டாலே கூசியது. “அவர் வண்டி இறங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்று அதையும் விட்டார். மூன்றாமவரிடம் போனது இப்போது, புரட்டாசியில். ராத்திரி முழுவதும் தூக்கமில்லாமல் கன்னத்தில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, விடிந்ததும் போனார்.

ஆக, ஒரே பல்லுக்கு ஒரே நாளில் மூன்று பேர் சொன்ன விலை அல்ல இது. பதினாலு மாதத்தில் மூன்று தடவை கேட்ட விலை. இடையில் ஏறியது டாக்டர்களின் ஆசை இல்லை. இறங்கியது பல்லில் இருந்த குழி.

இந்தக் குழிக் கணக்கை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர் என் அத்தை. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. இருப்பது சேலம் செவ்வாய்ப்பேட்டையில். வெள்ளிக் கொலுசுத் தொழில் நடக்கிற பேட்டை அது. சலங்கை கோப்பதும் பற்றவைப்பதும் மெருகு போடுவதும் வீட்டுக்கு வீடு நடக்கும். அத்தை வீட்டிலும் நடந்தது. 1998-ஆம் வருஷம் என்று நினைவு. நான் சின்னப் பெண். அத்தைக்குக் கீழ்ப் பல்லில் ஒரு சின்ன ஓட்டை. துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் பார்த்துவிட்டு, “வெள்ளி வைத்து அடைத்துவிடலாம் அம்மா” என்றார்.

வெள்ளி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அத்தைக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார்.

“ஏனுங்க டாக்டரே, எத்தனை கிராமுங்க வைப்பீங்க? செய்கூலி, சேதாரமெல்லாம் எப்படிங்க?”

டாக்டர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே, “வெள்ளி கிராம் கணக்கில் ஒன்றும் வராதம்மா. செய்கூலிதான் முக்காலும். சேதாரம் மட்டும் உங்கள் பல்லிலேதான் போகும்” என்றார்.

அந்தப் பதிலைவிடத் தெளிவாகப் பல் அடைக்கும் செலவை இன்றுவரை யாரும் எனக்கு விளக்கியதில்லை. பல் அடைக்கிற சாமானின் அளவு ஒரு உளுந்தம் பருப்புக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அதற்காக நாம் பணம் கொடுப்பதில்லை. எத்தனை நேரம் வேலை, எத்தனை தடவை உட்கார வேண்டும், எவ்வளவு ஆழத்தில் வேலை என்பதற்குத்தான் பணம். ஆழம் கூடினால் செய்கூலி கூடும். சொத்தையைச் சுத்தம் செய்ய நல்ல பல்லையும் கொஞ்சம் குடைய வேண்டியிருக்கிறதே, அதுதான் சேதாரம்.

பல்லின் வெளி ஓடு நம் உடம்பிலேயே மிகவும் கடினமான பொருள். எனாமல் என்கிறோமே, அது. அதற்கு உணர்ச்சி கிடையாது. அங்கேதான் முதலில் சொத்தை பிடிக்கிறது. நாம் சாப்பிடுகிற சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் வாயில் இருக்கிற கிருமிகள் தின்று அமிலமாக்குகின்றன. அமிலம் ஓட்டைக் கரைக்கிறது. கரைகிறபோது வலியே இராது! அதைத் தாண்டி அடுத்த படலத்துக்கு வந்தால் இனிப்பும் குளிர்ச்சியும் பட்டுக் கூசும். அந்தப் படலம் ஓட்டைவிட மிருது. ஆகையால் அங்கே சொத்தை சீக்கிரம் பரவும். வெளியே ஊசிமுனை அளவு கறுப்புத்தான் தெரியும், உள்ளே பானை போல் குடைந்திருக்கும். அதற்கும் உள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் உள்ள சதைக் கூழ். சொத்தை அங்கே போய்ச் சேர்ந்தால்தான் நம் சகோதரி கன்னத்தில் துணி வைத்துக்கொண்டு உட்கார்ந்த ராத்திரி வரும்.

“வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்பது நம் வீடுகளில் எல்லாரும் சொல்கிற பேச்சு. பல் விஷயத்தில் வலி வருகிற நேரத்துக்கு மலிவான வைத்தியத்தின் காலம் பெரும்பாலும் முடிந்து போயிருக்கிறது. இந்தப் பேச்சைச் சொல்பவர்கள் யார் என்பதையும் கவனித்துப் பாருங்கள். புருஷனுக்கோ பிள்ளைக்கோ பல்வலி என்றால் அன்று சாயங்காலமே டாக்டர் வீடு. தனக்கு என்றால் ஒரு கிராம்பு, ஒரு உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு. கிராம்பு எண்ணெய் வலியை மரக்கச் செய்வது வாஸ்தவம். பல் டாக்டர்களும் அதைச் சேர்த்த மருந்துகளை உபயோகிக்கிறார்கள். ஆனால் கிராம்பு குழியை அடைக்காது.

இனி ஐந்நூறு ரூபாய்க்கும் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கலாம். இந்தத் தொகைகள் கடிதத்தில் உள்ளவை. ஊருக்கு ஊர் மாறும். சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் குளிர்சாதன அறையும் பெரிய வாடகையுமாக நடத்துகிறவர் கேட்பதையே அட்டையாம்பட்டிக் கடைவீதியில் இருப்பவரும் கேட்பார் என்று சொல்ல முடியாது. (அட்டையாம்பட்டி முறுக்குக்குப் பெயர் போன ஊராயிற்றே, அங்கே பல் டாக்டருக்குத் தொழில் குறைவாயிராது என்பது என் சொந்த அபிப்பிராயம்.)

ஐந்நூறு ரூபாய்க்குச் சொன்னது அநேகமாகக் கண்ணாடி அயனோமர் என்ற சிமெண்டாக இருக்கும். கண்ணாடித் தூளையும் ஒருவகை அமிலத்தையும் குழைத்து வைப்பது. இங்கிலாந்தில் அரசாங்க ரசாயன ஆராய்ச்சிக்கூடத்தில் வில்சன், கென்ட் என்ற இருவர் கண்டுபிடித்து 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்டது. பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளோரைடு சத்தை விட்டுக்கொண்டிருக்கும். வேலை சீக்கிரம் முடியும், அதனால் விலையும் குறைவு. நிலக்கடலையும் முறுக்கும் அரைபடுகிற பெரிய குழியில் வைத்தால் தேய்ந்து போகும் என்பது அதன் குறை.

ஆயிரத்து இருநூறு சொன்னது பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட். ரேஃபியல் போவன் என்ற அமெரிக்கர் 1962-இல் காப்புரிமை பெற்ற பிசினிலிருந்து வளர்ந்த பொருள். எச்சில் துளியும் படாமல் பல்லை உலர்த்த வேண்டும். ஓர் அமிலத்தைத் தடவிக் கழுவ வேண்டும். பசை தடவ வேண்டும். பிறகு இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் படலம் படலமாக வைத்து, ஒவ்வொன்றையும் நீல விளக்கு வெளிச்சத்தில் இறுகச் செய்ய வேண்டும். கடைசியில் கடிக்கிற இடம் இடிக்காமல் தேய்த்துச் சரி செய்ய வேண்டும். இரண்டு பற்களுக்கு நடுவில் குழி இருந்தால் தகட்டைச் சுற்றி அச்சுக் கட்டி இதையெல்லாம் செய்ய வேண்டும். கொலுசில் சாதாரணச் சங்கிலிக்கும் சலங்கை வைத்த வேலைப்பாட்டுக்கும் கூலி ஒன்றாகவா இருக்கிறது? அதுபோலத்தான்.

அத்தைக்கு வைத்த வெள்ளி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அது அவர் வாயில் கறுப்பாகத் திடமாக உட்கார்ந்திருக்கிறது. உழைப்பில் அதை மிஞ்சுவது கஷ்டம். வெள்ளி, வெள்ளீயம், செம்புத் தூளைப் பாதரசத்தில் குழைத்துச் செய்வது அது. எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். பாதரசத்தால் காற்றும் நீரும் கெடுவதைத் தடுக்க 2013-இல் மினாமாட்டா ஒப்பந்தம் என்று ஒன்று உலக நாடுகளுக்குள் ஏற்பட்டது. மினாமாட்டா, பாதரச விஷத்தால் பெரும் துன்பம் கண்ட ஜப்பானிய ஊர். இந்தியாவும் 2018-இல் ஒப்பந்தத்தை ஏற்றது. வெள்ளி அடைப்பைப் படிப்படியாகக் குறைப்பது அதில் ஓர் அம்சம். அதனால்தான் இப்போது பல டாக்டர்கள் அதை வைப்பதில்லை. ஏற்கெனவே வாயில் இருக்கிறவர்கள் பயந்துகொண்டு ஓடிப்போய் நோண்டி எடுக்க வேண்டாம். நன்றாக இருக்கிற அடைப்பை எடுப்பதுதான் வீண் சேதாரம். பாதரச ஆவி அதிகமாகக் கிளம்புவதும் நோண்டுகிறபோதுதான்.

சரி, ஏழாயிரத்துக்கு வருவோம். இது அடைப்பே அல்ல, ரூட் கானல் என்கிற வேர் வைத்தியம். கெட்டுப்போன கூழை முழுவதும் எடுத்து, வேருக்குள் ஓடுகிற மயிரிழை வழிகளை ஊசி போன்ற அரங்களால் அராவிச் சுத்தம் செய்து, மருந்து விட்டுக் கழுவி, கட்டபார்ச்சா என்னும் மரப்பாலைத் திணித்து அடைக்கிறார்கள். (ஒரு காலத்தில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் இதே மரப்பால்தான்!) கடைவாய்ப் பல் ஒன்றில் இப்படி மூன்று வழி இருக்கும், நாலும் இருக்கும். ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்தாக வேண்டும், எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். இரண்டு மூன்று தடவை உட்காரவும் நேரும். இதற்கு மூவாயிரத்து ஐந்நூறு. கூழ் போன பல்லும் பெரிதாகக் குடைபட்ட பல்லும் நாளடைவில் உடையும்; ஆகையால் மேலே ஓர் உறை மாட்ட வேண்டும். கேப் என்கிறார்களே, அதுதான். அதற்கு மூவாயிரத்து ஐந்நூறு. ஆக ஏழாயிரம். இதில் சுலபமாகப் பேரம் பேசக்கூடிய இடம் உறைதான். வெறும் உலோக உறை மலிவு. உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது நடுத்தரம். ஸர்க்கோனியா என்கிற வெள்ளை உறை விலை அதிகம். சிரித்தால் தெரியாத கடைவாய்க்கு உலோக உறை தாராளமாகப் போதும். கேட்டால் சொல்வார்கள்; கேட்காவிட்டால் நடுத்தரத்திலிருந்துதான் பேச்சு தொடங்கும்.

எல்லா டாக்டர்களும் தர்மப் பிரபுக்கள் என்று நான் சாதிக்கவில்லை. தேவையில்லாத வேலையைச் சொல்கிறவர்களும் இருக்கலாம். அதற்கு ஒரு சுலபமான பரிசோதனை உண்டு. “எக்ஸ்ரேயில் குழி எதுவரை போயிருக்கிறது, எனக்குக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். கூழ் இருக்கும் இடமும் சொத்தை இருக்கும் இடமும் படத்தில் கறுப்பாகத் தெரியும். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று படிக்காத அத்தைக்கே தெரிந்தது. படத்தின் பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் காட்ட உங்களுக்கு முழு உரிமை உண்டு. சொன்ன தொகையில் எக்ஸ்ரே, மருந்து, உறை எல்லாம் அடக்கமா என்பதையும் முதலிலேயே கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கிவிட்டால் பிறகு மனஸ்தாபம் இராது.

பிடுங்கிவிடட்டுமா என்ற கேள்வி இருக்கிறதே, அதற்கும் அத்தையிடம் பதில் இருக்கிறது. இது அவ்வளவு சிரிப்பான கதை இல்லை.

2015-இல் அத்தைக்கு மேல் கடைவாய்ப் பல் ஒன்று கெட்டது. வேர் வைத்தியம் என்றார்கள். முதல் தடவை உட்கார்ந்ததும் வலி மாயமாய் மறைந்தது. தற்காலிகமாக ஒரு வெள்ளை மருந்தை வைத்து மூடி, அடுத்த வாரம் வரச் சொன்னார் டாக்டர். அடுத்த வாரம் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். அதற்கடுத்து முகூர்த்தப் புடவை எடுக்க வேண்டும். பிறகு கல்யாணம், மறுவீடு, தலை ஆடி. “வலிதான் இல்லையே” என்று அத்தை போகவேயில்லை. அந்தத் தற்காலிக மருந்து சில வாரத்துக்கு மேல் தாங்காது. தாங்கவில்லை. ஆறு மாதம் கழித்து அரிசியில் ஒரு கல் கடிபட்டுப் பல் இரண்டாகப் பிளந்தது. பிடுங்கினார்கள், செலவு சொற்பம்தான்.

பக்கத்துப் பல் அந்தக் காலி இடத்தில் மெல்லச் சாய்ந்தது. எதிரே இருந்த கீழ்ப் பல்லுக்குக் கடிக்கத் துணை இல்லாமல் மேலே எழும்பியது. இடுக்கில் சோறு சிக்கி அங்கேயும் சொத்தை. நிலையான பல் வைக்கலாமா என்று கேட்டதற்கு, இரண்டு பக்கத்துப் பற்களையும் தேய்த்து மூன்று பல்லுக்குப் பாலம் கட்ட வேண்டும் என்றார்கள். பாலத்துக்குப் பல் எண்ணித்தான் பணம். “போனது ஒரு பல்லு, காசு மட்டும் மூணு பல்லுக்கா?” என்று அத்தை எழுந்து வந்துவிட்டார். தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் வைக்கிற முறைக்கோ பல்லாயிரக் கணக்கில் ஆகும். கழற்றி மாட்டுகிற பல் மலிவு. அது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இன்று அத்தை இடது பக்கம் மட்டும்தான் மெல்லுகிறார். வறுத்த நிலக்கடலை என்றால் உயிரை விடுகிறவர், இப்போது அதை உரலில் இடித்துச் சாப்பிடுகிறார். நாங்கள் யாராவது பார்த்தால், “பேரனுக்கு இடிக்கிறேன்” என்கிறார்.

எல்லாப் பல்லையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்றும் இல்லை. கடைசியில் கோணலாக முளைக்கும் ஞானப்பல் போனால் பெரும்பாலும் ஒன்றும் குடிமுழுகாது. வேரே பிளந்த பல்லை வைத்துக்கொண்டு பிரயோஜனமில்லை. ஆனால் நம் சகோதரி எழுதியிருப்பது, அரைக்கிற வேலையைச் சுமக்கும் பல். அவருக்கு வயது முப்பத்தாறு.

ஏழாயிரம் கையில் இல்லாவிட்டால் என்ன செய்வது? சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பல் பிரிவு உண்டு. நாமக்கல்லிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அரசு ஆஸ்பத்திரியில் சாதாரணமாக அடைப்பதற்குச் செலவு வராது, கூட்டமும் காத்திருப்பும்தான். உறை போடுகிற வசதி எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் இராது, விசாரித்துக்கொண்டு போவது நல்லது. இன்னொரு வழி, பல் மருத்துவக் கல்லூரிகள். நம் பக்கத்துக்கு அதிர்ஷ்டம், சேலத்தில் விநாயகா மிஷன் சங்கராச்சாரியார் கல்லூரியும், திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர். கல்லூரியும் இருக்கின்றன. இப்படிப்பட்ட கல்லூரிகளில் மாணவர்கள் வேலை செய்வார்கள், ஆசிரியர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அதனால் அரை மணி வேலைக்கு ஒன்றரை மணி ஆகும். கட்டணம் வெளியே உள்ளதைவிடப் பொதுவாகக் குறைவு. “படிக்கிற பிள்ளை நோண்டுவதா!” என்று பயப்படுகிறவர்கள், அந்தப் பிள்ளை மார்க்குக்காக எவ்வளவு ஜாக்கிரதையாக நோண்டும் என்பதையும் யோசிக்கலாம்.

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி பிறந்த கதையே வேடிக்கை. டாக்டர் ரஃபியுத்தீன் அகமது என்பவர் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து 1920-இல் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். அதற்குப் பணம்? நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்று ஒரு குளிர்பானக் கடை வைத்து, அதன் வருமானத்தில் நடத்தினாராம். தித்திப்புத் தண்ணீர் விற்ற காசில் பல் வைத்தியம்! நம் சென்னையில் அரசுப் பல் மருத்துவப் படிப்பு 1953-இல், மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது.

இன்ஷூரன்ஸை நம்பி உட்கார வேண்டாம். நாம் வாங்குகிற மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலானவற்றில் விபத்தில் அடிபட்ட பல்லைத் தவிர மற்றப் பல் வைத்தியம் சேர்ந்திராது.

பிள்ளைகள் விஷயம் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. “பால் பல்தானே, விழுந்து முளைக்கப் போகிறது” என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆறு வயதில், பால் பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. எதுவும் விழவில்லையே, ஆகையால் அதுவும் பால் பல் என்று தாய்மார்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அது நிரந்தரப் பல்! அறுபது வயதிலும் அதை வைத்துத்தான் அரைக்க வேண்டும். அதன் மேல்புறத்தில் ஆழமான கோடுகள் இருப்பதால் கமர்கட்டும் பிஸ்கோத்தும் போய் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் ஜவ்வரிசி வடாமும் இந்த விஷயத்தில் யோக்கியன் இல்லை; மாவுப் பண்டம் பல்லில் தங்கினால் அதுவும் கிருமிக்குத் தீனிதான். பால் பல்லிலும் கடைசியானது பத்துப் பன்னிரண்டு வயது வரை இருந்து, கீழே வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டியது. அரசுப் பள்ளியிலோ அங்கன்வாடியிலோ பிள்ளைகளைப் பரிசோதிக்க டாக்டர் குழு வரும். 2013-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பல் சொத்தையும் பார்க்க வேண்டிய குறைகளில் ஒன்று. அன்றைக்குப் பிள்ளையைக் கல்யாணத்துக்கு அழைத்துப் போகாமல் பள்ளிக்கூடம் அனுப்புங்கள்.

பழுப்புக் கறை வேறு, சொத்தை வேறு என்பதையும் நம் பக்கத்துக்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டத்துச் சில கிராமங்கள் இங்கெல்லாம் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புப் பட்டை விழும். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவந்ததே இந்தக் கஷ்டத்தைத் தீர்க்கத்தான். அந்தப் பட்டையில் குழி இல்லாவிட்டால் அடைக்க ஒன்றும் இல்லை. அழகுக்காக மேல்பூச்சுப் பூசுவது உங்கள் இஷ்டம். அது வைத்தியச் செலவில் சேராது. சமீபத்தில் கல்யாணத்துக்கு நின்ற ஒரு பெண்ணுக்கு முன்பல் ஆறையும் ‘அடைக்க’க் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள் ஓரிடத்தில். எக்ஸ்ரேயைப் பார்த்த வேறொரு டாக்டர், சொத்தை ஒன்றுகூட இல்லை என்றார்.

பற்பசை, பல் துலக்கும் பிரஷ் இவற்றுக்கு வரி 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்குப் பதினெட்டிலிருந்து ஐந்தாகக் குறைந்திருக்கிறது. ஃப்ளோரைடு உள்ள சாதாரணப் பற்பசையே போதும். கரியும் செங்கல் தூளும் எனாமலைத் தேய்க்கும். கறை விழும் அளவுக்கு ஃப்ளோரைடு தண்ணீர் உள்ள கிராமத்தில் சின்னக் குழந்தைக்கு எந்தப் பசை என்பதை மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாமக்கல் சகோதரி கடிதத்தின் கீழே டெலிபோன் நம்பரும் கொடுத்திருந்தார். இதையெல்லாம் அச்சில் வரும்வரை காத்திராமல் அவரையே கூப்பிட்டுப் பேசிவிட்டேன். மூன்றாம் டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயைப் போனிலேயே படம் பிடித்து அனுப்பினார். குழி கூழைத் தொட்டிருப்பது எனக்கே தெரிந்தது. திருச்செங்கோட்டுக் கல்லூரியைப் பற்றிச் சொன்னேன். உலோக உறையைப் பற்றியும் சொன்னேன். முதல் தடவையோடு வலி நின்றுவிடும், நின்றாலும் இரண்டாம் தடவை போயே ஆக வேண்டும் என்று அத்தை கதையையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் “சரிங்க, சரிங்க” என்றார்.

“எப்போது போகிறீர்கள்?”

“வியாழக்கிழமை போகலாம்னுதான் இருந்தேனுங்க. அன்னிக்குத்தான் அவர் வண்டி வருதுங்க. இருபத்திரண்டு நாள் கழிச்சு வீட்டுச் சாப்பாடு சாப்பிடுவாரு. அடுத்த வாரம் போய்க்கட்டுமாங்க?”

“அவரையும் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமையே போங்கள். சாப்பாடு திருச்செங்கோட்டில் ஓட்டலில் ஆகட்டும்” என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “கேட்டுப் பார்க்கிறேனுங்க” என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் போனில் ஒரு படம் வந்தது. கல்லூரி ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிச் சீட்டு. அதன் மூலையில், அடுத்த தடவை வர வேண்டிய தேதி சிவப்பு மசியில் எழுதியிருந்தது. அந்தத் தேதியை நானும் என் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.